கழற்றிக்கொண்டுபோன ஊசியில் ஏறிய சூடு

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாராவது முனி மறித்தது, மயானத்தில் வெள்ளையாக ஒன்று நின்றது என்று ஆரம்பித்தால் நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன். பயம் என்று நினைக்க வேண்டாம். நம்பாத ஒன்றுக்குத் தலையாட்டிக்கொண்டிருக்க எனக்கு வராது, எதிர்த்துப் பேசவும் வராது, அவ்வளவுதான். பேச்சே எனக்குக் குறைவு. மாதா கோயிலில் வாசகம் வாசிக்கச் சொன்னால் தொண்டை கட்டியிருக்கிறது என்று தப்பித்துக்கொள்கிற ஆள். அப்படிப்பட்டவன் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் நம்பாமல் போனால் எனக்குக் கோபமில்லை. வேறு ஒருவர் எழுதி நான் வாசித்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

நோர்வூட் பக்கத்தில் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். அங்கே தேயிலை ஆலையில் வேலை பார்த்தேன். ஆலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். கொழுந்தை மேல்மாடித் தொட்டிகளில் காற்றடித்து வாடவைத்து, கீழே அரைத்து, கடைசியில் டிரையர் என்கிற பெரிய சூட்டுப் பெட்டிக்குள் விட்டு உலர்த்துவது. எங்கள் ஸ்டோரில் டிரையர் இரண்டு. இரண்டாவதில் சூடு ஒரு நிலையில் நிற்காது, அதைச் சரிசெய்யச் சொல்லி மேலிடம் நெருக்கிக்கொண்டிருந்தது. அடுப்பில் விறகு எரியும், அந்தச் சூட்டுக்காற்று டிரையருக்குள் போகும். சூடு கூடினால் தூள் கருகும், குறைந்தால் புளிக்கும்.

எண்பதுகளின் பிற்பகுதியில், பரீட்சார்த்தமாக என்று சொல்லி, கொழும்பிலிருந்து ஒரு கம்பியூட்டரைக் கொண்டுவந்து எங்கள் ஸ்டோரில் வைத்தார்கள். பென்சில் அளவு இரும்புக் குச்சிகளை ஒவ்வொரு தொட்டியிலும் மெஷினிலும் டிரையரிலும் செருகி, அவற்றின் வயர்களையெல்லாம் மேல்மாடியில் ஒரு சின்ன அறைக்கு இழுத்துவந்து பெட்டியில் சேர்த்தார்கள். குச்சியை நாங்கள் ஊசி என்போம். ஊசியில் படுகிற சூடு அங்கே திரையில் பச்சை எழுத்தில், பாரன்ஹீட் கணக்கில் தெரியும். எந்த ஊசி எந்த மெஷினுடையது என்று கம்பியூட்டருக்குத் தானாகத் தெரியாது. வெறும் நம்பர்தான் காட்டும். அந்த நம்பருக்கு நேரே நாங்கள்தான் பெயர் அடித்துக் கொடுக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சை வரை படித்திருந்ததாலும் இங்கிலீஷ் எழுத்து தெரிந்ததாலும் அந்த வேலைக்கு என்னை உட்கார வைத்தார்கள். கூட்டத்தில் நின்று பேசத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்கும் சந்தோஷம்.

வயர்கள் ஒன்றோடொன்று சிக்கி, எது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கொழும்பு இஞ்சினியர் சுடுதண்ணீர்க் கோப்பையில் ஊசியை முக்கச் சொன்னார். வயரின் நீளம் போதவில்லை. அப்போது சூசைதான் ஒரு வழி சொன்னான். உள்ளங்கைக்குள் ஊசியை இறுக்கிப் பிடித்தால் மனுசச் சூட்டுக்கு நம்பர் ஏறும், எந்த நம்பர் ஏறுகிறதோ அதுதான் அந்த மெஷின்.

சூசை டிரையர் அடுப்புக்காரன், என் தங்கை செசிலியின் புருஷன். வயர்கள் இறங்குவதற்காக என் அறையின் பலகைத் தளத்தில் ஒரு ஓட்டை வெட்டியிருந்தார்கள். அதன் வழியாகத்தான் எங்கள் பேச்சு.

"மச்சான், புடிச்சிட்டேன். ஏறுதா?"

"பொறு, ஒண்ணும் ஏறல."

"நல்லா பாருங்க. கண்ணாடி போடாமப் பாத்தா ஒங்க தங்கச்சி புருஷன் சூடே இல்லாதவன்னு எழுதிப்புடுவீங்க."

"ஏறுது, ஏறுது. தொண்ணூத்தஞ்சு."

"அம்புட்டுத்தானா? அடுப்புல வேகிறவன் கை, ஐயா. இன்னும் கொஞ்சம் போட்டுக் குடுங்க."

எந்த மெஷினாக இருந்தாலும் அவன் கை தொண்ணூற்றைந்தைத் தாண்டாது. மேல்மாடியில் ஜன்னல் ஓரத் தொட்டியில் தொடங்கி, கடைசித் தொட்டி வரை போய், ஏணிப்படி இறங்கி, அரைக்கிற மெஷின்களைச் சுற்றிவந்து, கடைசியில் முதல் டிரையர், பிறகு இரண்டாம் டிரையர். அது அவனாக வகுத்துக்கொண்ட பாதை. நம்பர் வரிசைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததால் திரையில் மேலே ஒன்று ஏறும், கீழே ஒன்று ஏறும். விட்டதும் இறங்கும். நான் ஒவ்வொன்றுக்கும் பெயர் அடித்து, அவனை மறுபடி பிடிக்கச் சொல்லிச் சரிபார்த்தேன். டிரையர் இரண்டையும் அவன் பிடித்ததும் நான் அடித்ததும் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

பெயரை மாற்ற ஒரு ரகசியச் சொல் உண்டு. இஞ்சினியர் எனக்கு மட்டும்தான் சொன்னார். ஆனால் டீமேக்கர் ஐயா கேட்டபோது அவருக்கு நான் சொன்னேன். ஸ்டோருக்குப் பொறுப்பு அவர்தான். எங்கள் கோயிலில் எனக்கு முன் பெஞ்சில் முழங்கால் போடுகிறவர். என் பெயரை இந்த வேலைக்குச் சொன்னவரும் அவரே. "அந்தோனி, எனக்குத் தெரியாம ஸ்டோர்ல ஒண்ணு இருக்கலாமா?" என்று கேட்டார். இருக்கக் கூடாது என்றுதான் எனக்கும் தோன்றியது.

கம்பியூட்டர் வந்த பிறகு ஸ்டோரில் ஒரு பழக்கம் மாறியது. முன்பெல்லாம் டிரையர் உள்ளே அடைத்துக்கொண்டால் அடுப்பை அணைத்துவிட்டு, கதவில் தண்ணீர் தெளித்து, அது சீறாமல் வழிந்தால்தான் திறப்பார்கள். உள்ளே தூள் கனன்றுகொண்டிருக்கும்போது திறந்தால் காற்றுப் பட்டு நெருப்பு முகத்தில் அடிக்கும். டீமேக்கர் ஐயா அதை நிறுத்தினார். தகரம் துருப்பிடிக்கிறதாம், மேலே கேட்டுவிட்டுத் திறவுங்கள் என்றார். அதன் பிறகு எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள்.

அன்றைக்குப் பகல் அரைக்கிற மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. கீழே எந்த டிரையர் ஓடுகிறது, எது நிற்கிறது என்று என் அறையிலிருந்து தெரியாது. திரைதான் எனக்குக் கண். சூசை ஓட்டை வழியாகக் கத்தினான்.

"மச்சான், ரெண்டாவது அடைச்சிக்கிச்சு. ஆறிருச்சா பாருங்க."

பார்த்தேன். இரண்டாம் டிரையர் என்ற பெயருக்கு நேரே எண்பத்துச் சொச்சம். முதல் டிரையர்தான் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஆறிப்போச்சு மச்சான், திறக்கலாம்" என்றேன்.

அதற்கு மேல் எழுத விரும்பவில்லை. நோர்வூட்டிலிருந்து கண்டிக்குக் கொண்டுபோனார்கள், மூன்றாம் நாள் பெட்டியில் கொண்டுவந்தார்கள். இரண்டு கையும் துணி சுற்றியிருந்தது.

விசாரணைக்கு வந்த இஞ்சினியர் ஒவ்வொரு ஊசியாகச் சோதித்தார். டிரையர் இரண்டின் பெயர்களும் திரையில் மாறிக் கிடந்தன. முதலாவது என்று எழுதியிருந்தது இரண்டாவது, இரண்டாவது என்று எழுதியிருந்தது முதலாவது. பெயர் அடித்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். இந்தச் சொல் வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். நான் டீமேக்கர் ஐயாவைப் பார்த்தேன். அவர் இஞ்சினியரைப் பார்த்து, "எனக்கு இந்த பட்டன் வேலையெல்லாம் எங்க சேர் தெரியும்" என்றார். வயதானவர், மறந்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டு நான் பேசாமல் நின்றேன். நம்புங்கள், அப்போது எனக்கு அப்படித்தான் தோன்றியது. அவரே தோட்ட நிர்வாகியான பெரிய துரையிடம் எனக்காக மன்றாடவும் செய்தார். "படிப்பு கொறஞ்ச பையன், தெரியாம செஞ்சிட்டான், வேலைய விட்டு நிப்பாட்டாதீங்க" என்றார். நாற்பது வயதில் நான் பையன். அவருடைய அந்த இரக்கத்துக்காக நான் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.

வேலை தப்பியது, பெயர் போயிற்று. தூள் சாக்கு தூக்கப் போட்டார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பெண்கள் சிரிப்பார்கள், "ஆறிப்போச்சு வர்றாரு, வழி விடுங்கடி" என்று. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். செசிலியைத்தான் தாங்க முடியவில்லை. அடக்கத்தன்று, எல்லோர் முன்னாலும் சத்தமில்லாமல், "நீதானே தெறக்கச் சொன்ன" என்றாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைகளிடம் ஏதாவது கொடுத்தனுப்பினால் அப்படியே திரும்பி வரும். நாள் போகப்போக, நான்தான் மாற்றி அடித்திருப்பேன் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. சாட்சி சொல்லக்கூடியவன் சூசை ஒருவன்தான்.

தீபாவளி வந்தது. ஸ்டோர் பூட்டு. கொழுந்து இல்லை, அடுப்பு இல்லை, ஒரு மெஷினும் ஓடவில்லை. நாங்கள் வேதக்காரர்கள் என்பதால் டீமேக்கர் ஐயா அன்றைக்கு மத்தியானம் ஆளனுப்பினார். கம்பியூட்டரைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்களாம், அதைப் பிரித்துக் கட்ட வேண்டும். போனேன். வாசல் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் மேலே ஏறினோம். யாரோ கொடுத்த முறுக்கையும் அதிரசத்தையும் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "சாப்புடு அந்தோனி, மெலிஞ்சு போயிட்ட" என்று என் கையில் வைத்தார்.

வெளியே பனி இறங்கி ஜன்னல் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. லயத்துப் பக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடி கேட்டது. பிரிப்பதற்கு முன்னால் எல்லா ஊசியும் வேலை செய்கிறதா என்று ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அதனால் கம்பியூட்டரைப் போட்டேன். எல்லா நம்பரும் அறுபதுக்குக் கிட்ட, ஆளில்லாத ஸ்டோரின் குளிரில் நின்றன. இரண்டாம் டிரையருக்கு நேரே மட்டும் நம்பர் இல்லை, கோடு கோடாக இருந்தது.

"ஐயா, ரெண்டாவதுல ஊசி இல்லீங்களா?"

"அத இஞ்சினியர் அன்னைக்கே கழட்டிக் கொண்டு போயிட்டாருல்ல. இப்ப வெறும் ஓட்டைதான். மத்தத பாரு."

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் ஓரத் தொட்டியின் நம்பர் ஏறியது.

வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். வெளியே வெயிலே இல்லை. ஏறி, நின்று, இறங்கியது. அடுத்து திரையின் அடியில் இருக்கிற ஒன்று ஏறியது, நின்றது, இறங்கியது. பிறகு நடுவில் ஒன்று. டீமேக்கர் ஐயாவுக்கு அது ஏதோ பழுது போலத்தான் தெரிந்தது, பெட்டியின் பக்கத்தில் தட்டினார். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஏனென்றால் அந்த மேலும் கீழுமான ஓட்டம் எனக்கு மனப்பாடம். ஜன்னல் ஓரம், அடுத்தது, அதற்கடுத்தது, கடைசித் தொட்டி, பிறகு ஏணிப்படி இறங்குகிற அளவு நேரம் ஒன்றுமே ஏறாமல் இருந்தது, பிறகு அரைக்கிற மெஷின்கள். அது சூசையின் பாதை.

அடுத்த அறைக்குப் போய்த் தொட்டிகளைப் பார்த்தேன். யாரும் இல்லை. ஊசிகள் செருகின இடத்தில் இருந்தன. ஏணிப்படி வரை போனேன், இறங்கவில்லை. திரும்பி வந்தபோது முதல் டிரையர் ஏறிக்கொண்டிருந்தது. சரியான இடத்தில்தான், இஞ்சினியர் திருத்திவிட்டுப் போன பெயருக்கு நேரேதான். அது இறங்கியது.

அதற்குப் பிறகு, நீங்கள் என்ன நினைத்தாலும் சரி, இரண்டாம் டிரையருக்கு நேரே இருந்த கோடுகள் அழிந்து ஒரு நம்பர் வந்தது. ஊசியே இல்லாத இடத்தில். அது ஏறியது. மற்றவையெல்லாம் ஏறி நின்ற அதே அளவுக்கு ஏறி, நூற்றிரண்டில் நின்றது. இறங்கவில்லை.

"ஐயா, இது சூசை சோதனை பண்ற வரிசைங்க" என்றேன்.

அவர் முகத்தில் இரத்தமே இல்லை. கொஞ்ச நேரம் அந்த நம்பரையே பார்த்தார். அது நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு அவர் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவ்வளவு பெரிய மனிதர், கோட்டோடு பலகைத் தளத்தில் முழங்கால் போட்டு, குனிந்து, வயர் இறங்குகிற அந்த ஓட்டையில் வாயை வைத்தார்.

"சூசை, நான் மறுநாளே திரும்ப மாத்தி வச்சிருப்பேன்டா. மறந்து போச்சுடா. ரெண்டாவது டிரையர் சரியாயிருச்சுன்னு தொரைகிட்ட சொல்லிட்டேன். இஞ்சினியர் வந்து பாக்கிறப்ப அது ஏறி எறங்குனா ஏ கதி என்னாவும்? ஒரு நாளைக்குத்தான்டா பேர மாத்துனேன். ஒரே ஒரு நாளைக்கு."

நம்பர் இறங்கியது. எழுபது, அறுபது, பிறகு பழையபடி கோடு.

நான் அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். விபத்துக்கு முதல்நாள் இஞ்சினியர் வந்து பார்த்துப் போனது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் சொல்லிக் கொடுத்த சொல்லைப் போட்டு, நான் அடித்த பெயரை அழித்து, பிறகு என் தலையில் கையை வைத்து, பையன் தெரியாமல் செய்துவிட்டான் என்று மன்றாடியிருக்கிறார். அந்தக் காலையா நான் தொட்டுக் கும்பிட்டேன் என்று இருந்தது. பேய் பயம் அந்த நேரம் எனக்கு இல்லவே இல்லை. இவர் பக்கத்தில் நிற்கத்தான் பயமாக இருந்தது.

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, பிளக்கைப் பிடுங்கினார்.

"தொரைகிட்ட சொல்லுங்க ஐயா" என்றேன். "ஏ தங்கச்சிகிட்டயாவது சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"என்னத்தச் சொல்றது?" என்றார். குரல் பழையபடி ஆகிவிட்டது. "நீ ஒண்ணும் கேக்கல அந்தோனி. பெட்டியக் கட்டு."

மறுநாள் பெரட்டுக்கு நான் போவதற்குள் கதை எனக்கு முன்னால் போயிருந்தது. தீபாவளித் தண்ணி போட்டுவிட்டு அந்தோனி ஸ்டோரில் உளறினானாம், செத்தவன் வந்தான் என்று அழுதானாம், டீமேக்கர் ஐயாதான் சமாதானம் சொல்லி வீட்டுக்கு அனுப்பினாராம். நான் குடிக்கிறவன் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நம்பினார்கள்.

தங்கையிடம் போகக் கூடாது என்றுதான் இருந்தேன், கால் கேட்கவில்லை. செசிலி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயா வேலை பார்த்தாள். தொட்டிலில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றபடியே, நடந்ததை நடந்த மாதிரி சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவள் நிமிரவே இல்லை.

"குடிச்சிட்டுப் பேசுனன்னாங்க" என்றாள்.

"ஏ வாய மோந்து பாரு."

அவள் மடித்துக்கொண்டே இருந்தாள். இனிச் சொல்ல ஒன்றுமில்லை என்று திரும்பினேன். போகிற போக்கில், எனக்கே விளங்காமல் உறுத்திக்கொண்டிருந்த ஒன்றைச் சொன்னேன். "ஒண்ணுதான் ஒத்து வரல. அவன் கை எப்பவும் தொண்ணூத்தஞ்சத் தாண்டாது. நேத்து எல்லாத்துலயும் நூத்திரெண்டு."

துணி மடிக்கிற சத்தம் நின்றது.

"எவ்வளவு?"

"நூத்திரெண்டு."

அவள் பக்கத்திலிருந்த தொட்டிலின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு வெள்ளன அவருக்கு ஒடம்பு கொதிச்சிச்சு" என்றாள். "கையத் தொட முடியல. போவாதீங்கன்னேன். ஐயா ரெண்டு தடவ ஆளனுப்பிட்டாரு, போவாட்டி நல்லாருக்காதுன்னு போயிட்டாரு. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. நான் புடிச்சி நிறுத்தலையேன்னு..." மடித்த துணியை ஓரமாக ஒதுக்கி வைத்தாள். பிறகு, "உள்ள வா அண்ணே" என்றாள்.

அண்ணே என்ற சொல்லுக்காக நான் எவ்வளவு ஏங்கியிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதுவரை நான் என் மனதுக்கு ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். கம்பியூட்டர் பழைய சோதனையை ஞாபகம் வைத்திருந்து திருப்பிக் காட்டியிருக்கும், இஞ்சினியர் கேட்டால் விளக்கிவிடுவார் என்று. ஆனால் காய்ச்சலோடு வந்த அந்த நாளில் சூசை ஒரு ஊசியையும் பிடிக்கவில்லை. அந்தக் கையின் சூட்டை அந்தப் பெட்டி ஒருபோதும் பார்த்ததே இல்லை. இதை என்னவென்று சொல்வது?

நான் ஸ்டோரை விட்டுவிட்டேன். இப்போது கொட்டகலையில் ஒரு கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கிறேன். ஞாயிறு பூசைக்கும் பெருநாள் பூசைக்கும் மட்டும் பழைய கோயிலுக்குத்தான் போவேன், செசிலியோடு. டீமேக்கர் ஐயா இன்னும் முன் பெஞ்சில்தான். அவர் யாரிடமும் எதையும் சொல்லவில்லை, இனிச் சொல்லவும் மாட்டார். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரம் வரும். எத்தனையோ மாதமாக அவர் வலது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெறுமனே தலையை மட்டும் ஆட்டுவதைக் கவனித்திருந்தேன். போன பெரிய வியாழன் கூட்டத்தில் யாரோ இடித்ததில், தற்செயலாக, அவர் கை வெளியே வந்து என் கைக்குள் அகப்பட்டுக்கொண்டது.

கொதித்தது. வெளியே அப்படிக் குளிர், அவர் முகத்தில் ஒரு நோயும் இல்லை, உள்ளங்கை மட்டும் கொதித்தது. "காய்ச்சலுங்களா ஐயா?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கையை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டார். என் கையில் அந்தச் சூடு இறங்கவே இல்லை. பூசை முடிந்து வெளியே வந்து, குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் பச்சைத் தண்ணீரில் பிடித்த பிறகுதான் ஆறியது.